குட்டை அங்கி

2009 மார்ச் 3, செவ்வாய்

இன்று தையற்காரரிடம் அளவு கொடுத்தேன். கடைக்கதவைச் சாத்தச் சொன்னேன். ஜன்னல் திரையையும் இழுத்துவிடச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். முப்பது வருஷமாக எங்கள் குருமார் அத்தனை பேருக்கும் அங்கி தைக்கிறவர். கதவைச் சாத்தச் சொன்ன முதல் ஆள் நான்தானாம்.

"என்ன நிறம்ங்கய்யா?"

சுவரில் மாட்டியிருந்த நூல்கண்டைக் காட்டினேன். ஊதா.

எங்கள் ஆங்கிலிக்கன் சபையில் ஊதா அங்கி திருமண்டலத்துக்கு ஒருவர்தான் போடலாம். பேராயர். நான் ஆர்ச்டீக்கன், அதாவது அவருக்கு அடுத்த நாற்காலி. அவருடைய கோப்புகள் என்னுடையவை, அவருடைய கடிதங்களில் கையெழுத்துக்கு மேலே இருக்கும் எல்லா எழுத்தும் என்னுடையது. ஜூனில் அவர் ஓய்வு பெறுகிறார். அடுத்தது யார் என்று அலுவலகப் பூனைக்குக்கூடத் தெரியும். பேரவை கூடி ஓட்டுப் போடுவது ஒரு சடங்கு. அது முடிந்து கொஞ்ச நாளிலேயே பதவியேற்பு அபிஷேகம் வைத்துவிடுவார்கள். அப்போது போய்த் துணி தேடி அலைய முடியுமா? இது ஆசை இல்லை. முன்னேற்பாடு.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றேன்.

"அளவுச் சீட்டுலயே எழுதிடறேங்கய்யா. அப்பதான் எனக்கு மறக்காது."

மார்ச் 19

அங்கி வந்தது. கணுக்காலில் சரியாக வந்து நிற்கிறது. முதுகில் ஒரு சுருக்கம் இல்லை. தையற்காரர் தன் வழக்கப்படி அளவுச் சீட்டை மடித்து உள்பையில் வைத்திருக்கிறார், அடுத்த தடவை கொண்டுபோனால் மறுபடி அளவு எடுக்க வேண்டாம் என்று. பிரித்துப் பார்த்தேன். தேதி, நீளம், மார்பு, கீழே "ஆர்ச்டீக்கன் ஐயாவுக்கு. இரகசியம்." இரகசியத்துக்கு அடியில் இரண்டு கோடு.

நிலைக்கண்ணாடி முன்னால் நின்று இரண்டு விரலை உயர்த்தி ஆசீர்வதித்துப் பார்த்தபோது இவள் உள்ளே வந்துவிட்டாள். என் மனைவி கணக்கு டீச்சர். எந்த விடையையும் இரண்டு தடவை சரிபார்க்காமல் விடமாட்டாள்.

"ஓட்டு எண்ணியாச்சா?"

"இன்னும் மூணு மாசம் இருக்கு."

"ஓ" என்றாள்.

இருபத்தெட்டு வருஷமாக அந்த ஒற்றை 'ஓ'வுக்குப் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். அங்கியை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்தேன்.

ஜூன் 9

தகுதியின்மையைப் பயிற்சி செய்துகொண்டிருக்கிறேன்.

எங்கள் பேரவையில் ஒரு வழக்கம் உண்டு. பேராயர் பதவிக்குப் பெயர் முன்மொழியப்பட்டவர் எழுந்து, "நான் இதற்குத் தகுதியற்றவன்" என்று சொல்ல வேண்டும். தலைவர் திரும்பவும் கேட்பார். திரும்பவும் சொல்ல வேண்டும். மூன்றாவது தடவை கேட்கும்போது ஒரு பெருமூச்சு விட்டு, "சித்தம் அப்படியானால்" என்று உட்கார வேண்டும். இதுவரை வந்த பேராயர்கள் அனைவரும் இரண்டு தடவை தகுதியற்றுப் போய்த்தான் பதவிக்கு வந்தார்கள். பெருமூச்சில்தான் விஷயம். நீளமாக விட்டால் நடிப்பு, குட்டையாக விட்டால் அவசரம்.

இவள் பக்கத்து அறையிலிருந்து, "மூச்சு வாங்குதா? டாக்டர்கிட்ட போலாமா?" என்றாள்.

ஜூன் 16, செவ்வாய்

எழுதவே கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

பேரவைக்குத் தலைமை தாங்க வெளியிலிருந்து தலைமைப் பேராயர் வந்திருந்தார். எங்கள் பழக்கவழக்கம் எதுவும் தெரியாதவர். நான்கு மணி ரயிலைப் பிடிக்க வேண்டியவர். என் பெயரை முன்மொழிந்தார்கள். கைதட்டல். எழுந்தேன். கண்களைத் தாழ்த்தி, "நான் இதற்குத் தகுதியற்றவன்" என்றேன். நன்றாகவே சொன்னேன்.

அந்த மனுஷன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நன்றி. அவருடைய தாழ்மையை நாம் மதிக்க வேண்டும். அடுத்த பெயர்?" என்று சொல்லி என் பெயரை அடித்துவிட்டார்.

அடித்தே விட்டார்! பேனாவால்! நான் இன்னும் நின்றுகொண்டிருக்கிறேன்! இரண்டாவது தடவை கேளுங்கய்யா என்று எப்படிச் சொல்வது? உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர் என் முதுகைத் தட்டிக்கொடுத்து, "எவ்வளவு பெரிய மனசு" என்றார்.

அடுத்த பெயர் நெட்டை. இறையியல் கல்லூரியில் என் அறைத்தோழன். என்னைவிட மூன்று வயது மூத்தவன், ஒரு சாண் உயரம் அதிகம். கடைசி வரிசையில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். எவனோ விளையாட்டுக்குப் பெயர் கொடுத்திருக்க வேண்டும். அவன் எழுந்து, "எனக்கு வேண்டாங்க. ஃபைலைப் பார்த்தாலே எனக்குத் தூக்கம் வந்துடும்" என்றான்.

வழக்கமான வாசகம் இல்லாததால் அதை யாரும் மறுப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. மண்டபமே சிரித்தது. தலைமைப் பேராயரும் சிரித்தார். பெயர் அப்படியே பட்டியலில் நின்றது. நூற்று எண்பத்திரண்டு ஓட்டு.

வேண்டும் என்று நினைத்தவன் வேண்டாம் என்றான், நம்பிவிட்டார்கள். வேண்டாம் என்று நினைத்தவனும் வேண்டாம் என்றான், அவனை நம்பவில்லை. இது என்ன நியாயம்?

ஜூன் 17

எழுந்திருக்கவில்லை. இவள் காப்பியை வைத்துவிட்டு 'ஓ'கூடச் சொல்லாமல் போனாள். அதுதான் இன்னும் வலித்தது.

ஜூன் 21

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

அபிஷேகம் அடுத்த ஞாயிறு. நெட்டைக்கு அங்கி இல்லை. தையற்காரர் படியில் வழுக்கி விழுந்து வலது கையில் மாவுக்கட்டு. ஓய்வுபெற்ற பேராயரின் அங்கியைப் போட்டுப் பார்த்தான். உள்ளே இன்னொரு குருவானவரைச் சேர்த்து அனுப்பலாம், அத்தனை அகலம். எங்கள் வீட்டு முன்னறையில் ஏழெட்டுப் பேர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். இவள் தேநீர்த் தட்டை வைத்துவிட்டுச் சொன்னாள்:

"எங்க வீட்ல ஒண்ணு தயாரா இருக்கே அண்ணா."

என் முகத்தில் ஈயாடவில்லை.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆர்ச்டீக்கன் வீட்டில் பேராயர் அங்கி எப்படி வந்தது? அந்தக் கேள்வி எட்டு வாய்களிலும் வந்து நின்றது. யாரும் கேட்பதற்குள் இவளே தொடர்ந்தாள்: "நீங்கதான் வருவீங்கன்னு இவருக்கு முன்னாடியே தெரியும். உங்களுக்காகன்னே தைச்சு வெச்சார். அதனாலதானே தன் பேரைக்கூட வேண்டாம்னார்."

பச்சைப் பொய். கணக்கு டீச்சர் வாயிலிருந்து! ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நெட்டை அங்கியை வாங்கி மாட்டினான். கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே நின்றுவிட்டது.

"அளவு கொஞ்சம் தப்பிடுச்சு போல" என்றேன்.

எல்லோரும் போன பிறகு, ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். "பெட்டிக்கு அடியில கிடந்து அது உங்களையே பார்த்துட்டிருக்கும். நீங்களும் அதையே பார்த்துட்டிருப்பீங்க. வீட்ல எனக்கு இடம் வேண்டாமா?" என்றாள்.

ஜூன் 28, ஞாயிறு

அபிஷேகம். புதுப் பேராயர் கோலால் ஆலயக் கதவை மூன்று தடவை தட்ட வேண்டும், உள்ளே இருந்து திறக்க வேண்டும். நெட்டை ஒரு தடவை தட்டியதும் கதவு திறந்துகொண்டது, தாழ்ப்பாள் பழசு. அவன் உள்ளே எட்டிப் பார்த்து, "மன்னிச்சுக்குங்க" என்று கதவை இழுத்துச் சாத்திவிட்டு இன்னும் இரண்டு தடவை தட்டினான். சனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அங்கிக்குக் கீழே ஒரு காலில் கறுப்புக் காலுறை, மறு காலில் சாம்பல் நிறம்.

பிரசங்கத்துக்கு ஏறியவன் மூக்குக்கண்ணாடியைத் தேடி உள்பையில் கையை விட்டான். அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. சீட்டு! அந்த நொடி எனக்கு வியர்த்த வியர்வையில் ஞானஸ்நானமே கொடுத்திருக்கலாம். அவன் கை வெறுமனே வெளியே வந்தது. கண்ணாடி நெற்றியில் இருந்தது.

"இந்த அங்கியை எனக்காகவே தைத்ததாக என் தங்கை சொன்னாள். அதை நம்புவதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று என் நண்பனுக்குத் தெரியும்" என்றான். ஆலயம் முழுக்க என் பக்கம் திரும்பியது. நான் அசடு வழிந்தேன். தாழ்மை என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஜூன் 29

அங்கியைத் தேய்க்க வாங்குகிற சாக்கில் உள்பையைத் துழாவினேன். காலி. தையற்காரரிடம் போனேன். "நீளத்தைக் கூட்ட முடியுமான்னு பேராயர் ஐயா போன வாரம் எங்கிட்ட காட்டினாருங்கய்யா. அப்ப நானே எடுத்திருப்பேன், கை உடைஞ்ச குழப்பத்துல ஒண்ணும் ஞாபகம் இல்ல" என்றார். அப்பாடா.

2010 பிப்ரவரி 11

அங்கியின் நீளத்தை ஆராய ஏழு பேர் குழு. நான்கு அமர்வு. துணி ஒட்டி நீட்டலாம் என்று மூவர், புதிதாகத் தைக்கலாம் என்று மூவர், ஏழாமவர் நான்கு அமர்விலும் பிஸ்கட் மட்டும் சாப்பிட்டார். ஒரு துணைக்குழு அமைப்பதென்று முடிவு. நெட்டையிடம் அறிக்கையைக் கொடுத்தேன். "இப்படியே இருக்கட்டும். சேறு படாது" என்றான். பேராயர் என்று ஆன பிறகு அவனை 'டா' போட முடியவில்லை. அவன் மட்டும் என்னைப் போடுகிறான்.

ஏப்ரல் 6

இளம் குருமார்கள் அங்கியைக் குட்டையாக்கத் தொடங்கிவிட்டார்கள். ஒருவர் முழங்கால் வரை போய்விட்டார். எளிமையாம். தையற்காரர் குணமான கையோடு பகல் முழுக்க வெட்டித் தள்ளுகிறார். "எல்லாம் உங்க புண்ணியம்ங்கய்யா" என்கிறார்.

2011 செப்டம்பர் 20

இந்த மனிதன் பேராயர் வேலையைப் பார்ப்பதே இல்லை. நிதிக்குழுவில் உட்கார்ந்ததும் தூங்கிவிடுகிறான். பிள்ளைகளைச் சபையின் முழு உறுப்பினராக்கும் திடப்படுத்தல் ஆராதனையில், நாற்பது பிள்ளைகளின் தலையில் வரிசையாகக் கை வைத்து முடிக்க இருபது நிமிஷம் போதும். நேற்று இரண்டு மணி நேரம். ஒவ்வொரு பிள்ளையிடமும் குனிந்து ஏதோ கேட்கிறான். என்ன கேட்டீர்கள் என்றேன். "பயமா இருக்கான்னு கேட்டேன். முக்கால்வாசிப் பேர் ஆமான்னுதுங்க" என்றான். ஆசனத்தில் அமர்ந்த நேரத்தைவிடச் சபை சபையாகப் பேருந்தில் போன நேரம்தான் அதிகம். கோப்பு முழுக்க என் தலையில்.

ஆனால் சனங்கள் அவனைப் பார்த்தால் முகம் மலர்கிறார்கள். என்னைப் பார்த்தால் சட்டைப் பொத்தானைச் சரிசெய்கிறார்கள். வயிற்றெரிச்சல்தான். இங்கே எழுதாமல் வேறெங்கே எழுத?

ஒரே ஆறுதல்: எங்கே போனாலும் என்னை, "தான் விலகி நண்பனுக்கு அங்கி தைத்தவர்" என்றுதான் அறிமுகப்படுத்துகிறார்கள். முதலில் கூசியது. இப்போது, யாராவது சொல்ல மறந்தால், சொல்வார்களா என்று காத்திருக்கிறேன்.

2012 மே 15

புதிதாகக் குருப்பட்டம் பெற்ற பெண் குருவானவர் ஒருத்தி வந்திருக்கிறாள். கூட்டத்தில் எதற்கெடுத்தாலும் கை தூக்குவதால் அவளுக்கு இரண்டே வாரத்தில் 'கேள்விக்குறி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். இன்று குருமார் கூட்டத்தில், தேநீர் இடைவேளையில், எல்லோரும் இருக்கும்போது கேட்டாள்:

"ஐயா, பேராயர் ஐயாவை உங்களுக்குக் காலேஜ்லேருந்தே தெரியுமில்ல? அவர் இவ்வளவு உயரம்னு தெரியாமலா தைச்சீங்க?"

தேநீர் என் மூக்கில் ஏறியது.

"இல்ல, எனக்கு ஒரு சந்தேகம். அங்கி உங்க உயரத்துக்குத்தான் கச்சிதமா இருக்கும். நானும் உங்க உயரம்தான், எனக்கே சரியா இருக்கும்."

சும்மா கேட்கிறாள். கள்ளம் இல்லாத முகம். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். என் கைக்குட்டை நனைந்துவிட்டது.

மே 22

இடமாற்றப் பட்டியல் தயாரித்தேன். பேருந்தின் கடைசி நிறுத்தத்துக்கும் அப்பால் மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டிய ஒரு சபை. கூரை ஒழுகும். ஞாயிறு ஆராதனைக்குப் பதினொரு பேர். அங்கே ஆள் தேவைப்படுவது உண்மைதான். ஐந்து வருஷமாகத் தேவைப்படுகிறது. அந்த இடத்துக்கு நேராக அவள் பெயரை எழுதினேன்.

நெட்டை பட்டியலைப் படித்தான். தூங்கவில்லை. "இந்தப் பொண்ணு ஏன்டா அங்க?" என்றான்.

"அனுபவம் கிடைக்கும்."

கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தான். "நீ சரின்னு சொன்னா போட்டுடறேன்" என்று கையெழுத்திட்டான்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். இவள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். "நான் சொன்ன பொய்யில யாரும் அடிபடலை. உங்க பட்டியல்ல ஒருத்தி அடிபட்டிருக்கா" என்றாள். சிவப்புப் பேனாவை மூடாமலே சொன்னாள்.

2013 ஜனவரி 8

நெட்டை மாதம் ஒரு தடவை அந்தக் கடைசிச் சபைக்குப் போய்வருகிறானாம். எதற்கு என்று கேட்கவில்லை.

2015 ஆகஸ்ட் 4

கேள்விக்குறியின் சபையில் இப்போது நூற்றிருபது பேர். அறிக்கையை நான்தான் வாசிக்க வேண்டியிருந்தது. "அனுபவம் நல்லா கிடைச்சிருக்கு போல" என்றான் நெட்டை.

2016 நவம்பர் 30

அடுத்த ஜூனில் அவனுக்கு அறுபத்தைந்து, ஓய்வு. எனக்கு அறுபத்திரண்டு, இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது. இன்று நான்கு பேர் தனித்தனியாக வந்து, "இந்தத் தடவை உங்களை விடமாட்டோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நால்வரும் அங்கிக் கதையைச் சொன்னார்கள். ஒருவர் சொன்ன கதையில் நான் துணி வாங்கக் கொட்டும் மழையில் நடந்தே போயிருக்கிறேன்.

மறுக்கவில்லை.

இந்தத் தடவை தலைமை தாங்குபவரிடம், மூன்று தடவை கேட்கும் வழக்கத்தை முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும்.

2017 ஏப்ரல் 25, செவ்வாய்

நெட்டை வீட்டுக்கு வந்தான். கையில் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம். இவள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். முன்னறையில், எட்டு வருஷத்துக்கு முன் அவன் மாட்டிப் பார்த்த அதே இடத்தில் உட்கார்ந்தான்.

"இந்தாடா. துவைச்சுத் தேய்ச்சிருக்கு. காலர் மட்டும் கொஞ்சம் நைஞ்சிருக்கு."

அங்கி. அதற்கு மேலே, நான்காக மடித்த ஒரு சின்னச் சீட்டு. மடிப்பில் பழுப்பேறியிருந்தது.

பிரிக்கவில்லை. பிரித்துத்தான் தெரிய வேண்டுமா?

"எப்ப...?"

"அன்னிக்கே. ஆலயத்துக்குக் கிளம்பறப்ப பையில ஏதோ குத்துச்சு."

அன்றைக்கே! ஆலயத்துக்கு முன்னாடியே! பிரசங்கத்தில் அவ்வளவும் தெரிந்துதான் பேசியிருக்கிறான். எட்டு வருஷமும் தெரிந்துதான் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். யாராவது அந்தக் கதையைச் சொல்வார்களா என்று நான் காத்திருந்தபோதெல்லாம்...

"ஏன் சொல்லலை?" என்றேன்.

"நீயா சொல்லுவேன்னு பார்த்தேன். அப்புறம் பார்த்துட்டே இருந்துட்டேன். அந்தப் பொண்ணு விஷயத்துலதான் நான் பேசியிருக்கணும். கையெழுத்து என்னுது. அது என் தப்பு. அதான் மாசாமாசம் போனேன்."

எதையாவது சொல்ல வேண்டுமே என்று, "நீளமாவது கூட்டியிருக்கலாமே. எத்தனை பேர் சொன்னாங்க, எத்தனை பேர் சிரிச்சாங்க" என்றேன்.

எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டே சொன்னான்: "கூட்டினா திரும்ப உனக்கு ஆகாதேடா."

போய்விட்டான். இவள் வரும்வரை அங்கியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுதேன். வேறு எப்படி எழுதுவது, அழுதேன்.

ஏப்ரல் 26

இவளிடம் சீட்டைக் காட்டினேன். வாசித்தாள். பழைய மடிப்பிலேயே மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, "எட்டு வருஷம் அந்த அண்ணாவைக் குட்டை அங்கியில நிறுத்தி வெச்சிருக்கோம் நாம" என்றாள்.

'நாம' என்றாள்.

ஜூன் 12

நாளை பேரவை. சீட்டு என் சட்டைப்பையில் இருக்கிறது. எடுத்து வெளியே வைக்கிறேன், திரும்பவும் உள்ளே வைக்கிறேன். சும்மா இருந்தால் அடுத்த பேராயர் நான். அது நிச்சயம். யாருக்கும் தெரியப்போவதும் இல்லை. நெட்டை வாயைத் திறக்கமாட்டான். எட்டு வருஷம் திறக்காதவன்.

அதுதான் பிரச்சினை. அவன் திறக்கமாட்டான்.

ஜூன் 13, செவ்வாய்

என் பெயரை முன்மொழிந்தவர் அங்கிக் கதையோடு தொடங்கினார். மழை புயலாகிவிட்டது. இந்தத் தடவை தலைவர் நான் எழுதிய குறிப்பைப் படித்துவிட்டு, மூன்று தடவை கேட்கத் தயாராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எழுந்தேன்.

"அந்த அங்கி எனக்காக நான் தைச்சது" என்றேன். "அவருக்காக இல்ல. தேர்தலுக்கு மூணு மாசம் முன்னாடி, கதவைச் சாத்திக்கிட்டு அளவு கொடுத்தேன்."

கைதட்டல்! பின்வரிசையில் ஒருவர், "செய்த நன்மையைக்கூட மறைக்கிறார் பாருங்கள்!" என்று கத்தினார். தலைவர் நெகிழ்ந்துபோய், "இரண்டாவது முறையாகக் கேட்கிறேன்" என்றார்.

உண்மையைச் சொன்னாலும் தாழ்மையாக்கிவிடுகிறார்களே, என்ன செய்ய? சீட்டை எடுத்துப் பேரவைச் செயலாளரிடம் நீட்டினேன். அவர் ஒலிபெருக்கியில் வாசித்தார். தேதி. நீளம். மார்பு. "ஆர்ச்டீக்கன் ஐயாவுக்கு" என்று வாசித்து நிறுத்தினார். பிறகு மெதுவாக, "இரகசியம்" என்றார். "இரண்டு தடவை அடிக்கோடிட்டிருக்கிறது" என்றும் சேர்த்துக்கொண்டார், மனுஷன் எதையும் விடமாட்டார்.

கைதட்டல் நின்றுவிட்டது. யாரோ சிரித்தார்கள். அது வேறு மாதிரிச் சிரிப்பு.

"இன்னும் இருக்கு" என்றேன். மேசையைப் பிடித்துக்கொண்டேன். "இது என் அளவுதான்னு ஒருத்தங்க கண்டுபிடிச்சாங்க. அவங்களைக் கடைசி நிறுத்தத்துக்கு அப்பால அனுப்பினேன். அனுபவம் கிடைக்கும்னு சொல்லி அனுப்பினேன். இந்த வேலைக்கு நான் தகுதி இல்லாதவன். வழக்கத்துக்காகச் சொல்லலை."

மூன்றாவது தடவை தலைவர் கேட்கவில்லை.

கேள்விக்குறி நடு வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கம் பார்க்கத் தைரியம் வரவில்லை. அவளுடைய சபையிலிருந்து வந்திருந்த பேருந்து ஓட்டுநர் எழுந்து அவள் பெயரைச் சொன்னார். அவள் எழுந்து, "நான் ஒரு கேள்வி கேக்கலாமா?" என்றாள். மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. "என்னால முடியுமான்னு எனக்குத் தெரியலை. உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

நூற்று அறுபத்தொன்பது ஓட்டு. என் பெயர் ஓட்டுச்சீட்டில் முன்கூட்டியே அச்சாகிவிட்டிருந்ததால் அதற்கும் பதினொன்று விழுந்தது. அந்தப் பதினொரு பேர் யார் என்று தெரிந்தால் நல்லது. அவர்களுக்குக் காது கேட்கிறதா என்று சோதிக்க வேண்டும்.

வெளியே வேப்பமரத்தடியில் நெட்டை ஆரஞ்சு உரித்துக்கொண்டு நின்றான். பாதியை என்னிடம் நீட்டினான்.

"புளிக்குதுடா" என்றேன். எட்டு வருஷத்துக்குப் பிறகு 'டா' வந்துவிட்டது.

ஜூலை 1

கேள்விக்குறி வீட்டுக்கு வந்தாள். அபிஷேகம் ஒன்பதாம் தேதி. தையற்காரருக்குக் கண்ணில் புரை, இப்போது ஊசியில் நூல் கோக்கவே ஆள் வேண்டும். என்ன செய்வதென்று இவளிடம் கேட்க வந்திருந்தாள். இவள் என்னைப் பார்த்தாள். நானே உள்ளே போய் எடுத்து வந்தேன். நைந்த காலரை இவள் எப்போதோ மாற்றித் தைத்திருக்கிறாள், எனக்குச் சொல்லவில்லை.

கேள்விக்குறி நிலைக்கண்ணாடி முன்னால் மாட்டிப் பார்த்தாள். கணுக்காலில் சரியாக வந்து நின்றது. தோளில் ஒரு சுருக்கம் இல்லை. ஒரு குண்டூசிகூடத் தேவைப்படவில்லை.

"இது யாருக்காகத் தைச்சதுங்கய்யா?"

பேரவை முழுக்கக் கேட்ட பிறகும் கேட்கிறாள். பழக்கம் விடவில்லை. இவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"எனக்காகத் தைச்சதும்மா."

"அதான் எனக்குச் சரியா இருக்கு" என்றாள்.

ஆகஸ்ட் 8

ஆர்ச்டீக்கனாக நான் தயாரித்த கடைசி இடமாற்றப் பட்டியலைப் புதுப் பேராயர் மேசையில் வைத்தேன். நிதானமாகப் படித்தார். மூன்றாவது பக்கத்தில் நிறுத்தினார். அவர் விட்டுவந்த சபைக்கு ஆள் தேவை. பேருந்தின் கடைசி நிறுத்தத்துக்கு அப்பால், மூன்று கிலோமீட்டர் நடை. அந்த இடத்துக்கு நேராக என் பெயர் இருந்தது.

"நீங்க ஏங்கய்யா அங்க?"

"அனுபவம் கிடைக்கும்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு கையெழுத்திட்டார். "கூரை இப்ப ஒழுகாது. வடக்கு மூலையில மட்டும் ஒரு வாளி வெச்சுக்குங்க" என்றார்.

வீட்டுக்கு வந்தேன். இவள் வாளியை ஏற்கெனவே சாமான்களோடு கட்டி வைத்திருந்தாள்.